அத்தை ஏறினால் நடுங்கும் கார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் இருந்தது பதினாறு வருடப் பழைய டீசல் கார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை. இடது காலுக்கு வேலையே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரே குறை, மாமியார் ஏறினால் மட்டும் கார் நடுங்கியது.

மாமியார் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்கு அவரை அழைத்துப் போக வேண்டும். கடைக்காரரின் மனைவியும் கூட வருவாள். ஊரைத் தாண்டி லேசான மேட்டில் ஏறும்போது, வேகம் அறுபத்தைந்தைத் தொட்டதும், வண்டி சரளைக்கல்லில் ஓடுவது போல் அதிரும். சாலையோ வழவழவென்று இருக்கும். "மெதுவா போங்க மாப்பிள்ளை" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவர் ஆக்ஸிலரேட்டரில் காலை இன்னும் லேசாக்குவார். அதிர்வு கூடும்.

மறுநாள் தனியாகக் கடைக்குப் போனால் வண்டி பட்டுப் போல ஓடும்.

முதல் மெக்கானிக் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். இருந்தாலும் சும்மா அனுப்ப மனமில்லாமல் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். இரண்டாமவர் சக்கரங்களைச் சரிபார்த்தார். அடுத்த ஞாயிறு அத்தை ஏறினார், வண்டி நடுங்கியது.

கடைக்காரர் படித்தவர், சகுனம் பார்க்காதவர். ஆகவே எடைதான் காரணம் என்று முடிவு செய்தார். அத்தையின் எடை என்ன என்று மனைவியிடம் கேட்டு, வேலியில் போகிற ஓணானை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பதில் கிடைக்கவில்லை. இரண்டு நாள் பேச்சும் கிடைக்கவில்லை. கடைசியில் உத்தேசமாக மூன்று பெரிய தண்ணீர் கேன்களைப் பின்சீட்டில் அத்தையின் இடத்தில் அடுக்கினார். உருண்டுவிடாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டு, அதே மேட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தார். வண்டி நடுங்கவில்லை. கேன்களை இறக்க மறந்து வீடு திரும்பினார்.

மனைவி பின்கதவைத் திறந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த கேன்களைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இது யாரு, எங்க அம்மாவா?"

அவர் கேன்களை அவிழ்த்து இறக்கினார். மறுநாளே கியர்பாக்ஸ் அக்காவைத் தேடிப் போனார்.

தானியங்கி கியர்பாக்ஸை மட்டுமே பழுது பார்ப்பதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். ஐம்பது வயது இருக்கும். காதில் பென்சில், கையில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகம். எப்போது நடுங்குகிறது என்று கேட்டார். கடைக்காரர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க அத்தை ஏறினா மட்டும்."

அக்கா சிரிக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டார். "சரி, அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று கடைக்காரர் இரண்டு நாள் மென்று விழுங்கினார். சொன்னபோது மனைவிதான் முறைத்தாள். மாமியார் கோபிக்கவே இல்லை. பிழை என்று ஒன்று இருந்தால் பார்த்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை நால்வரும் ஏறினார்கள். கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கருவியின் ஒயரை டேஷ்போர்டுக்கு அடியில் செருகினார். அம்மாவும் மகளும் பின்னால். மேட்டில் அறுபத்தைந்தைத் தொட்டதும் வண்டி வழக்கம் போல அதிர்ந்தது. அக்கா கருவியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திரும்பிப் போய், தனியாகப் போகும்போது ஓட்டுவது போல இதே மேட்டில் ஓட்டச் சொன்னார்.

அவர் மறுபடியும் அறுபத்தைந்தில் ஓட்டினார். மறுபடியும் அதிர்ந்தது.

"தனியா போனா நடுங்காதுன்னு சொன்னீங்களே சார்?"

"ஆமா."

"தனியாவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

கடைக்காரர் கண்ணாடியில் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக, எழுபதைத் தாண்டியதே இல்லை என்று அவளிடம் சொல்லி வந்தவர் அவர். தேள் கொட்டிய திருடன் போல உட்கார்ந்திருந்தார்.

அக்கா விளக்கினார். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு வட்டக் கூடு இருக்கிறது. அதுதான் டார்க் கன்வர்ட்டர். உள்ளே எதிரெதிராக இரண்டு காற்றாடிகள். ஒன்று சுற்றினால் எண்ணெய் தள்ளி மற்றதும் சுற்றும். சீரான வேகத்தில் போகும்போது ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதன் பட்டை தேய்ந்திருந்தால் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். அந்த இழுபறிதான் நடுக்கம். காலை நன்றாக அழுத்தினால் கிளட்ச் விட்டுவிடும், நடுக்கமும் இருக்காது.

"அதனாலதான் கேக்கிறேன். உண்மையைச் சொன்னாத்தான் நோய் தெரியும்."

கடைக்காரர் வண்டியை மறுபடி மேட்டின் அடிக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். காலை அழுத்தினார். கார் உறுமிக்கொண்டு மேட்டில் பாய்ந்தது. எண்பது, தொண்ணூறு, நூற்றுப் பத்து. ஒரு சின்ன நடுக்கமும் இல்லை.

உச்சியில் ஓரமாக நிறுத்தினார். அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. மனைவி வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"இவ்வளவு தைரியமா ஓட்டுவீங்களா மாப்பிள்ளை? நான் வந்தா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிட்டு வேர்த்து வழியும் உங்களுக்கு. பயந்த சுபாவம்னு நெனச்சேன். பாவம், அதான் மெதுவா போகச் சொல்லிட்டே வந்தேன்."

கடைக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேர்த்ததற்குக் காரணம் நடுக்கம் என்றார். நடுக்கத்துக்குக் காரணம் யார் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

பட்டறையில் எண்ணெயை இறக்கினார்கள். தார் போலக் கறுத்து, கருகிய வாடையோடு வந்தது. புது எண்ணெய் ஊற்றியதில் மூன்று வாரம்தான் நடுக்கம் அடங்கியிருந்தது. பிறகு கன்வர்ட்டரையே கழற்றி, கூட்டைப் பிளந்து, பட்டை மாற்றிப் போட்டார் அக்கா. ஒன்பது நாள் கடைக்காரர் பஸ்ஸில் போய் வந்தார்.

கார் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். லைசென்ஸ் எடுத்து எட்டு வருடம் பீரோவில் கிடந்தது. நூற்றுப் பத்தில் போகிறவரிடம் இனி அம்மாவை விட முடியாது என்றாள். மாமியார் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கடைக்காரர் பின்னால், மனைவியின் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகும் இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்தார். மேடு வருவதற்கு முன்பே அவருக்குக் கண் சொக்கியது. போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு முறை தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.