கீழ்த்தெருப் பாடம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இன்று மாலை நான் ஏறும் ஷேர் ஜீப்புக்கு பிரேக் பிடிக்காமல் போகட்டும். மற்றவர்கள் அடுத்த ஜீப்பில் வரட்டும்.

காந்தா கதவைச் சாத்திவிட்டு, மகள் அபிநயாவின் வாயை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். சீத்தாப்பழ வாசனை போகவில்லை.

"கோயில் தோட்டத்துப் பழத்த இன்னாத்துக்குடி தொட்ட?"

"ரஞ்சித்தும்தாம்மா தின்னான். அவன் மூணு, நான் ஒண்ணு."

"அவன் மேல்தெரு புள்ளடி!"

நெல்லிவாசல்நாட்டைத் தாண்டி, ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் மலையில் நடந்தால் காந்தாவின் ஊர். பூசாரி சிங்காரம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுப்பார். சாமி ஒன்று, புத்தகம் ஒன்று, பாடம் இரண்டு. காலையில் மேல்தெருப் பிள்ளைகளுக்கு, தப்பு செய்தால் சாமி மன்னிக்கும். மாலையில் கீழ்த்தெருப் பிள்ளைகளுக்கு, தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும்.

வெறும் பேச்சில்லை. குத்தும். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் சாமி பீடத்தை விட்டு இறங்கி, காரைமுள்ளோடு நேரே கீழ்த்தெருவுக்கு நடந்து வரும். யாரிடமும் வழி கேட்காது. வரும்போது பார்க்கக் கூடாதென்பதும் பாடத்தில் உண்டு. தெருவே முதுகைக் காட்டி நிற்கும். எட்டு வயதில் படையல் கொழுக்கட்டை ஒன்றை எடுத்ததற்குக் காந்தாவின் இடது கண் போனது அப்படித்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. சிங்காரம் வாசலில் வந்து நின்றார்.

"காந்தா, பொண்ண வெளிய வுடு. சாமி கெளம்பிடுச்சு."

"ரஞ்சித்து வூட்டுக்கும் போவுமாங்க?"

"அந்தப் புள்ள எல்லாத்தையும் ஒத்துக்கிச்சு. மூணு தோப்புக்கரணம் போட்டுச்சு. சாமி மன்னிச்சு, பொங்கலும் குடுத்துச்சு."

"எம் பொண்ணு முப்பது போடுவாங்க."

"உங்க பாடத்துல தோப்புக்கரணம் இல்லியேம்மா." அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அபிநயாவை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். சனம் திரும்பிக்கொண்டது. காந்தா மட்டும் மகளுக்கு முன்னால் வந்து, கோயிலைப் பார்த்து நின்றாள்.

"திரும்பு காந்தா! பாத்தா இருக்கற கண்ணும் பூடும்!"

"போவட்டும்ங்க. குத்தறது யாருன்னு பாத்துட்டுப் போவட்டும்."

எதிர்வீட்டு முத்தம்மா மெல்லக் கழுத்தைத் திருப்பினாள். அவள் புருஷனும் திரும்பினான். பிறகு தெருவே திரும்பியது. சிங்காரம் முள் துருத்திய இடுப்பு மடிப்பைக் கையால் மூடிக்கொண்டார். காலடியில் கிடந்த நிழல்கள் நீளத் தொடங்கின. சாமி வரவில்லை.

"சாமிக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்ல போல," என்றார் சிங்காரம்.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் இங்கதாங்க நிப்போம்," என்றாள் காந்தா.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கோயிலில் சாமி என்பது முழங்கால் உயரத்துக்கு நட்டுவைத்த ஒரு கல். அதற்குக் காலும் இல்லை, கையும் இல்லை.