ஒன்பதாம் நம்பர் பெட்டி

கங்காவின் கணினியைத் திறந்தால் முதலில் வருவது அவளே கட்டிக்கொண்ட பக்கம். பன்னிரண்டு பெட்டிகள். ஒன்றில் மழை அளவு, ஒன்றில் செயற்கைக்கோள் வரைபடம், ஒன்றில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளங்கள், ஒன்றில் இலைநோய்ப் படங்கள். எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டிருந்தாள், தேயிலைக் காடுகளுக்குப் போடுவதைப் போல.

அவள் அப்பா முருகையா எஸ்டேட்டில் கங்காணி. ஒரு காட்டில் கொழுந்து எடுத்துவிட்டால், மற்ற நம்பர்களையெல்லாம் முடித்த பிறகுதான் மறுபடி அதற்குள் ஆள் விடுவார். பார்த்து வளர்ந்த ஒழுங்கை ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொண்டாள் கங்கா. நாளுக்கு ஒரு பெட்டி. திறப்பாள், புதிய கட்டுரைகளின் சுட்டிகளைச் சேமிப்பாள், மூடுவாள். மின்னஞ்சலும் ஒன்பதாம் நம்பரில் தன் முறைக்காகக் கிடந்தது.

தேயிலையின் கொப்புள நோய் பற்றி ஆராயப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் ஒருவருக்கு இடம் இருந்தது. அந்த ஆய்வை நடத்தும் டாக்டர் கரேன் மூன்று பக்கத் திட்டம் கேட்டிருந்தார். மாதக் கடைசி வரை நேரம். கிடைக்காவிட்டால் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடைக்கு வேலைக்குப் போகவேண்டும். அம்மா ஏற்கெனவே பேசிவைத்துவிட்டாள். கங்கா எழுதியிருந்தது அரைப் பக்கம். உட்கார்ந்தால் கை தானாகப் பெட்டிகளிடம் போயிற்று. மழையை மேலே வைக்கலாமா, வரைபடத்துக்குக் கீழே வைக்கலாமா? வைத்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். மூச்சு முட்டியது. திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு லோரி ஓட்டும் அண்ணன் தனேஸ் வண்டியைக் கோலா தெர்லா ஊரில் விட்டுவிட்டு வந்து, சோற்றுத் தட்டோடு அவள் பின்னால் நின்றான்.

"மறுபடியும் வீடு மாத்துறியா?"

"சும்மா இருண்ணே."

"காலையில நான் போறப்ப மழை மேல இருந்துச்சு. இப்பக் கீழ இருக்கு. மழை கீழதான்லா வரும், அதுல என்ன ஆராய்ச்சி?"

அவள் மழையை மறுபடி மேலே இழுத்தாள்.

"ஒன்பதுல சிவப்பா நாலுன்னு காட்டுதே, என்னா அது?"

"மெயில். அதோட முறை வெள்ளிக்கிழமை."

தனேஸ் மெல்லுவதை நிறுத்தினான். "கொழுந்து வளர நாளாவும், சரி. மெயிலும் வளந்துதான் வருமா?"

கங்கா ஒன்பது நாளாகத் தொடாத பெட்டியைத் திறந்தாள். மூன்று விளம்பரம். நான்காவது டாக்டர் கரேனுடையது. வந்து ஐந்து நாளாகியிருந்தது. வெளிநாடு கிளம்புவதாகவும், செவ்வாய் மாலை ஐந்துக்குள் திட்டம் வராவிட்டால் அடுத்தவரை எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

மணி மூன்று பத்து. கங்கா முதலில் செய்தது, ஒன்பதாம் பெட்டியைப் பிடித்துப் பக்கத்தின் உச்சிக்கு இழுத்ததுதான்.

"கங்கா," என்றான் தனேஸ்.

கையை எடுத்தாள். பக்கத்தை மூடினாள்.

சேமித்த கட்டுரைகள் நூற்று நாற்பத்து மூன்று. படித்தவை நான்கு. மிச்சத்தை இனிப் படிக்க முடியாது. அந்த நான்கும் சொன்னதை எழுதினாள். அப்பாவின் எஸ்டேட்டில் நோய் எந்தக் காட்டில் முதலில் வந்தது, தான் போய்ப் பார்த்த செடிகளில் எது அந்தக் கட்டுரைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதினாள். இரண்டு முறை எழுந்து நின்றாள், நின்றபடியே தட்டினாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒன்றே முக்கால் பக்கம் ஆகியிருந்தது. அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'மூன்று பக்கம் கேட்டேன். எந்தெந்தக் கட்டுரைகளைப் படித்தீர்கள்? பட்டியல் அனுப்புங்கள்.'

முழுப் பட்டியலும் தயாராக இருந்தது. ஒரு சொடுக்கு போதும்.

"எல்லாத்தையும் அனுப்புலா," என்றான் தனேஸ். "ஒவ்வொண்ணாவா கேக்கப் போறாங்க?"

"கேட்டா?"

அவன் தட்டைக் கழுவப் போனான். கங்கா நூற்று முப்பத்தொன்பதை நீக்கிவிட்டு நான்கை அனுப்பினாள். வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். மறுபடி போய்விட்டு வந்தபோது பதில் வந்திருந்தது.

'நாளை காலை ஏழு மணிக்கு விமான நிலையத்திலிருந்து அழைக்கிறேன். இந்த நான்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.'

"கெடச்சிருச்சா?"

"இல்ல. பேசணுமாம்."

"பேசணுமா? நீயா? வீட்டுலயே உன் கொரலு கேக்காதே."

அவள் முதல் கட்டுரையைத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அதே வரியை இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகப் படித்தாள்.