சுவரில் அமுங்கிய ஃபோர்க்

சைக்கிள் மெக்கானிக்கின் கடைச் சுவரில் தொங்கிய, முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஸ்பிரிங் ஃபோர்க்குகள், தாங்கள் கழற்றப்பட்ட சைக்கிள் எங்கே பள்ளத்தில் இறங்கினாலும் அதே நொடியில் இங்கே அமுங்கி எழுந்தன. மழைக்காலத்தில் சத்தம் சற்றுக் கூடுதல். மற்றபடி யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் மலை சைக்கிள்களை அவர் மலிவாக வாங்கி வருவார். முரட்டு டயருக்குப் பதில் வழவழப்பான டயர், நிமிர்ந்து உட்கார வளைந்த ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர், ஸ்பிரிங் ஃபோர்க் இருந்த இடத்தில் வெறும் இரும்பு ஃபோர்க். ஓட்டுபவரின் கால் நீளத்தை அளந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். "என்னண்ணே, சுவத்துக்கு மூச்சு வாங்குது?" என்பாள் எதிர்க்கடைத் தையல்காரி. "நர்ஸம்மா டூட்டிக்கு லேட்டு," என்பார், ஒரு நர்ஸுக்கு மாற்றிக் கொடுத்த சைக்கிளின் ஃபோர்க்கைக் காட்டி.

அவருடைய மகள் மட்டும் மலை சைக்கிளில் உண்மையாகவே மலைக்குப் போகிறவள். அவளுக்கு ஆபீஸ் வேலை கிடைத்த வாரம், அவளைக் கேட்காமலே அதையும் பிரித்து, அதன் ஃபோர்க்கைச் சுவரில் தொங்கவிட்டு, கூடை மாட்டி, மேலே துணி போர்த்தி வாசலில் நிறுத்தினார். துணியை விலக்கியவள், "ஊருக்கெல்லாம் அளவெடுத்துட்டுத்தானேப்பா கை வைப்பீங்க?" என்றாள். அதிலேயே ஏறிப் போனவள் திரும்பவில்லை.

சில நாள் அவளுடைய ஃபோர்க் ஓயாமல் ஆடியது. பிறகு நின்றுவிட்டது. "வித்திருப்பாண்ணே," என்றாள் தையல்காரி. "வாங்கினவன் ஓட்ட மாட்டானா?" என்றார் அவர். அவர் அந்த ஃபோர்க்குக்கு எண்ணெய் விட்டார், அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், அந்த வருஷங்களில் இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றினார்.

ஒரு காலை அது அமுங்கியது. சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று. முன்சக்கரத்தை லேசாக அழுத்தித் தூக்கி, பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குகிறவள் மகள் ஒருத்திதான். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஆடியது. "போய்ப் பாருங்களேன்," என்றாள் தையல்காரி. "எந்த ஊர்னு ஃபோர்க் சொல்லலையேம்மா."

பின்னொரு வருஷம் தாண்டல் நின்றது. ஃபோர்க் ஒவ்வொரு பள்ளத்திலும் மெதுவாக, ஆழமாக இறங்கி ஏறியது. குழந்தையை முன்னால் உட்காரவைத்து ஓட்டும் அம்மாக்களின் ஃபோர்க்குகள் அப்படித்தான் இறங்கும். அவர் ஒரு சின்ன இருக்கை செய்தார். குழந்தையின் கால் அளவு தெரியாததால் கால்வைக்கும் கம்பியை ஏற்றி இறக்க வரிசையாகத் துளைகள் போட்டு, அந்த ஃபோர்க் தொங்கிய ஆணியிலேயே மாட்டினார்.

அடுத்த வருஷம் கம்பி தானாக ஒரு துளை கீழே இறங்கியிருந்தது. அவர் நட்டை இறுக்கிவிட்டு, நர்ஸின் சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றப் போனார்.