இசக்கியப்பன் குளித்த தண்ணீர்

இசக்கியப்பன் புதன்கிழமை இறந்தார். வியாழக்கிழமை காலை அவர் குளித்த தண்ணீர் வழக்கமான நேரத்துக்கு வீட்டிலிருந்து வெளியே வந்தது.

கருவேலங்குளத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. ஆள் போனாலும் அவருடைய கழிவுநீர் உடனே நின்றுவிடாது. சிலருக்கு ஒரு மாதம் வரும், சிலருக்கு ஒரு வருடம். தையல்கடைக்காரரின் தாயார் வாய் கொப்பளித்த வெற்றிலைத் தண்ணீர் பேரன் கல்யாணம்வரை சிவப்பாக வந்துகொண்டிருந்தது. அதனால் நகராட்சி இறந்தவர்களின் இணைப்பைத் துண்டிப்பதில்லை. தானாக நிற்கும்வரை வாங்கிக்கொள்ளும்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் தினமும் வாசலில் இருந்த சாக்கடைத் தொட்டியின், சேம்பரின், மூடியைத் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே குளியலறை காய்ந்து கிடக்கும். வாளி கவிழ்த்தபடி இருக்கும். ஆனாலும் வீட்டுக் குழாய் வழியே முதலில் சவர நுரை வரும், நரைமயிர்த் துணுக்குகளோடு. பிறகு சோப்புத் தண்ணீர். புறங்கையை வைத்துப் பார்ப்பாள். இளஞ்சூடாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அது முழுக்க வடியும்வரை அவள் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொட்ட மாட்டாள். அவருடையதோடு தன்னுடையது கலந்துவிடக் கூடாது.

தண்ணீரைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். காக்கி உடுப்பு துவைத்த தண்ணீரில் டீசல் பிசுக்கு மிதந்தது. அங்கேயும் பஸ்தான் ஓட்டுகிறார் போலிருக்கிறது. தட்டுக் கழுவிய தண்ணீரில் பருக்கைகள் வந்தன. குண்டரிசிப் பருக்கைகள். அவள் வீட்டில் குண்டரிசி வாங்கியதே இல்லை. யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தாள். மறுநாள் பருக்கைகள் அதிகமாக வந்தன. சாப்பாடு பிடிக்கவில்லை, மிச்சம் வைக்கிறார் என்று புரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் அதற்காக அழுதாள்.

ஐப்பசியில் தெருவில் காய்ச்சல் வந்தது. மூன்று வீடுகளில் குழந்தைகள் படுத்தன. பக்கத்து வீட்டுச் சண்முகக்கனியின் மகள் முப்பிடாதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இசக்கியப்பனைக் கொண்டுபோன அதே டைபாய்டு.

சுகாதார ஆய்வாளர் கிரேஸ்லின் குப்பிகளோடு வந்து ஒவ்வொரு வீட்டுச் சேம்பரிலும் தண்ணீர் எடுத்துப்போனாள். நான்காம் நாள் ஆவுடையம்மாளைத் தேடி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"கிருமி உங்க வீட்டுத் தண்ணியிலதான்கா இருக்கு. உங்க தண்ணியில இல்ல. அவரு தண்ணியில."

"அவுகளுக்கு இன்னும் காய்ச்சல் அடிக்கா?"

"இல்லக்கா. அவரு நல்லாயிட்டாரு. சில பேருக்கு அப்படித்தான், உடம்பு தேறிரும், கிருமி மட்டும் உள்ள தங்கிரும். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

அவர் நல்லாயிட்டார் என்பதை ஆவுடையம்மாள் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். தெருவில் சாக்கடைக் குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் கிடந்தன. இரண்டிலும் விரிசல். குடிதண்ணீர் நிறுத்துகிற நேரத்தில் வெறுங்குழாய் வெளியே கசிந்ததை உறிஞ்சிக்கொண்டது. தெருவைத் தோண்டியாகிவிட்டது. விரிசலை அடைக்கச் சாக்கடை வறண்டிருக்க வேண்டும் என்பதால் தெருவில் எல்லோரும் குளிக்காமல், துவைக்காமல் இருந்தார்கள். ஆனால் சிமெண்ட் பூசப் பூச, இசக்கியப்பனின் தண்ணீர் வந்து அரித்துக்கொண்டு போனது. மண்மூட்டை வைத்து அடைத்தும் பார்த்தார்கள். அது சுற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க சொன்னா கேப்பாருக்கா" என்றாள் கிரேஸ்லின்.

"சிமெண்ட் காஞ்ச பெறவு வரலாம்லா?"

கிரேஸ்லின் குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "வரலாம். ஆனா ஒருக்க நின்னது திரும்ப வந்ததா நம்ம ஊர்ல இல்லக்கா."

அன்று மாலை, வேலை முடிந்து அவர் கைகால் கழுவுகிற நேரத்தில், ஆவுடையம்மாள் சேம்பர் அருகே உட்கார்ந்தாள். சண்முகக்கனி தன் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏங்க" என்றாள் ஆவுடையம்மாள் குழாயைப் பார்த்து. "கனி மவளுக்கு முடியல. ஒங்க மடியில ஒக்காந்து ஸ்டியரிங் புடிப்பாளே, அவதான். கிருமி ஒங்க தண்ணியிலருந்துதான் வருதாம். ஒங்க மேல குத்தமில்ல. ஒங்களுக்கும் யாரோ குடுத்ததுதான்."

தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"போதும்ங்க. நிறுத்திக்கிடுங்க. தண்ணி வரலன்னா என்னைய மறந்துட்டீகன்னு நெனைக்க மாட்டேன்."

தண்ணீர் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி வந்தது. வெறும் சோப்புத் தண்ணீர், வெள்ளை வெளேரென்ற நுரையோடு. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று விட்டு விட்டு வந்தது. விளக்கு வைக்கிற நேரம்வரை கழுவினார். நுரை குறைந்து, தெளிந்து, நூலாக இறங்கி, ஒரு சொட்டு தொங்கி விழுந்தது.

ஆவுடையம்மாள் மூடியைத் தானே இழுத்து மூடினாள். சண்முகக்கனி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சிமெண்ட் பிடித்தது. குடிதண்ணீர்க் குழாயை எதிர்ச்சாரிக்கு மாற்றிப் பதித்தார்கள். இரண்டு வாரத்தில் முப்பிடாதி தலைமுடி கொட்டி, மெலிந்து, வீட்டுக்கு வந்தாள். கஞ்சி வேண்டாம் என்று அடம்பிடித்தாள். ஆவுடையம்மாள்தான் ஊட்டினாள். இசக்கியப்பனின் தண்ணீர் வரவில்லை. தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்தாள். சிறிது காலம் கழித்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பார்த்தாள். சேம்பரின் அடியில் எறும்புகள் போய்வந்தன.

கார்த்திகை கடைசியில் தெருக்கோடிக் காலிமனையிலிருந்து கழிவுநீர் வரத் தொடங்கியது. அங்கே வீடு கிடையாது, அஸ்திவாரம்கூடப் போடவில்லை. இனிமேல் குடிவரப்போகிறவர்களின் தண்ணீர் என்றார்கள். முதலில் அரிசி களைந்த தண்ணீர் வந்தது. பிறகு மஞ்சள் கலந்து, பிள்ளை பெற்றவள் குளித்த தண்ணீர். அதன் பின்னால் பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர். நகராட்சி ஆட்கள் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு காலை அந்தப் பக்கமாகப் போன ஆவுடையம்மாள் குனிந்து புறங்கையை வைத்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"பச்சப்புள்ளைக்கு இம்புட்டுச் சூடு ஆகாது தாயி" என்று காலிமனையைப் பார்த்துச் சொன்னாள். "பச்சத்தண்ணி விட்டு நல்லா வெளாவி ஊத்து."

மறுநாள் தண்ணீர் பதமாக வந்தது.