செல்லதுரை தட்டிப் பார்த்த உத்தரம்

பெண் பார்க்க வந்தவன் பெண்ணை விட்டுவிட்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சிக்கு எரிச்சலாக வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் அவள் வீடு. அம்மா சீனியம்மாள் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துச் சுட்ட பழம்பொரியின் மணத்துக்கு அன்றைக்கு இரண்டு கப்பல் திசைமாறி வந்தன. மாப்பிள்ளை செல்லதுரைக்குப் பீகாரில் நிலக்கரிச் சுரங்க வேலை. அங்கே பூமியின் பாரம் அழுத்தி அழுத்தி, பக்கச் சுவரே வெடித்துக் கரி பீரங்கிக் குண்டாகப் பாயுமாம். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து பேச்சிக்கு ஒரே கவலை: இவரைக் கட்டிக்கிட்டா தினமும் உயிரோட வீட்டுக்கு வருவாரா?

சாயாவை நீட்டும்போதே கேட்டுவிட்டாள். "வெடிக்கப் போறது முன்னாடியே தெரியுமா?"

"தரை நடுங்கும். அதை எண்ண ஒரு கருவி மாட்டியிருக்காங்க. கருவி சொல்லாட்டியும் முட்டுக் கொடுத்த மரம் முனகும். முனகினா ஓடிருவேன்."

அந்நேரம் பார்த்துத் துறைமுகத்தில் தூண் இறக்கும் ராட்சதச் சம்மட்டி 'தொம்' என்றது. டம்ளரில் சாயா வட்ட வட்டமாக அலையடித்தது. உத்தரம் முனகியது. செல்லதுரை குடைக்கம்பால் அதைத் தட்டினான்; சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

"எல்லாரும் வெளியே!"

"மாப்ளே, இது வீடு, சுரங்கமில்லே!" என்றார் பேச்சியின் அப்பா சுப்புராஜ்.

"முதல்ல இறங்குங்க மாமா. அப்புறம் திட்டுங்க."

பழம்பொரித் தட்டோடு தெருவில் நின்றார்கள். வேடிக்கை பார்க்கப் பள்ளுருத்தியிலிருந்து ஏழு பஸ் நிறைய ஆள் வந்தது.

கிடங்குக்காரர் முகமது இஸ்மாயில், "பொண்ணு பிடிக்கலைன்னா சொன்னா போதாதா சேட்டா? வீட்டுக்கு எந்தா குத்தம்?" என்றார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓர் ஓடுகூட விழவில்லை. கூரையில் காக்கை ஒன்று தூங்கியே விட்டது.

"ஊரே சிரிக்குது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்!" என்று சுப்புராஜ் படியேறினார்.

செல்லதுரை நிம்மதியாகப் பழம்பொரியைக் கடித்தான். "விழலியே, சந்தோஷம். சுரங்கத்திலயும் பத்துக்கு ஒன்பது தடவை இப்படித்தான். மேஸ்திரி திட்டுவார். கேட்டுக்குவேன்."

பேச்சி அவனை வாய் பிளந்து பார்த்தாள். ஊர் சிரிப்புக்குப் பயந்து உள்ளே நிற்காத ஆம்பளை! கொச்சியில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைப்பானா?

"அப்பா," என்றாள். "இவர் தினமும் வீட்டுக்கு வந்திருவார். எனக்குச் சம்மதம்."

சுப்புராஜ் பாதிப்படியில் திரும்பி முறைத்தார். 'தொம்' என்றது சம்மட்டி. மூன்றே தாவலில் தெருவுக்கு வந்துவிட்டார்.

"சரி சரி," என்றார் மூச்சிரைக்க. "கல்யாணப் பந்தல் மட்டும் மைதானத்தில."