முப்பதாவது பிள்ளை

எட்டு வயதுப் பிள்ளையைப் 'பெரியவள்' என்று கூப்பிடுகிற வீட்டில் நிம்மதி எங்கிருந்து வரும்? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பத்தே நாள் என்று சொல்லித்தான் அம்மா அவளை மூன்றாம் வகுப்பிலிருந்து நிறுத்தினாள். பத்து நாள் ஐந்து மாதமானது. தம்பிக்காரன் அக்காவின் இடுப்பிலேயே குடியேறிவிட்டான். அம்மாவோ பழைய பாட்டில் கிடங்கில் மூடி திருகித் திருகி, விரல் மரத்துப்போய் வீடு திரும்புவாள்.

ஒரு சாயங்காலம் டீச்சரே வாசலில் வந்து நின்றார். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நம் பிள்ளையையும் தேடி ஒருவர் வந்தாரே!

டீச்சர் உட்காரக்கூட இல்லை. மறுநாள் மேலதிகாரி தலை எண்ண வருகிறாராம். முப்பது பிள்ளைகள் இல்லையென்றால், இருக்கும் இரண்டு டீச்சரில் ஒருவரைத் தூக்கிவிடுவார்களாம். அதனால்தான் பெரியவளின் பெயரை அடிக்காமல், தினமும் வந்ததாகவே பதிவேட்டில் எழுதி வருகிறாராம்.

"நாளைக்கு ஒரு நாள் அனுப்பி வைங்கம்மா, போதும்."

அந்தப் 'போதும்' அம்மாவின் காதில் ஏறவே இல்லை. பேர்தான் இன்னும் இருக்கிறதே, குழந்தையைக் கிடங்குக்கே தூக்கிக்கொண்டு போனால் பெரியவள் நாளைக்கு மட்டுமா, தினமும் போகலாமே என்று மனக்கோட்டை கட்டினாள். குட்டையாகிப்போன சீருடையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள்.

மறுநாள் கிடங்கில் சாக்குக் குவியலுக்குப் பின்னால் குழந்தையைப் படுக்க வைத்தாள். பாவி மகன், அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். சூப்பர்வைசர் வந்தார். உடைந்த கண்ணாடி கிடக்கிற இடம் இது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். மனுஷன் கேட்டதில் தப்பும் இல்லை. அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"நாளைக்கும் இவனைத் தூக்கிட்டு வந்தா, நீயும் வராதே."

அம்மா வீடு வந்தபோது பெரியவள் சீருடையைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் தான்தான் முப்பதாவது ஆள் என்று பெருமையாகச் சொன்னாள். வாய்ப்பாடு ஆறு வரைக்கும் இன்னும் மறக்கவில்லையாம். பேசிக்கொண்டே இருந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு அவளே எழுந்து வந்து தம்பிக்குக் கை நீட்டினாள்.

"பரவால்லம்மா. நாளைக்கு நான் போகலைன்னாலும் வந்தேன்னே எழுதிக்குவாங்க."