பேருதான் வெண்கலம்

1

அக்காவின் வீணைக்குத் தந்தி வாங்கப் போன கடையில் இந்தக் கதையை ஒட்டுக்கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கோபப்பட வேண்டாம்.

நான் எழுதிய முதல் வாக்கியம்: ‘வெண்கலக் குரல் கொண்ட தேன்மொழி, கிட்டாருக்கு வெண்கலக் கம்பி தேடித் திருநெல்வேலிக்கு வந்தபோது தாமிரபரணி’

(ஆற்றை இங்கே இழுக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டேன்.)

2

நடந்தது இதுதான். தேன்மொழிக்கு மணிமுத்தாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை. மலைக்குப் போய்வந்த ஒரே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் கீழே இருக்கிறது; அவள் மகள் எட்டாம் வகுப்போடு வீட்டில் இருக்கிறாள். ஒன்பது மனு கொடுத்து ஒன்பது ரசீது வாங்கியாயிற்று. பத்தாவது மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக வாசலில் பாடப்போகிறாள். மைக்குக்கு அனுமதி கிடைக்கவில்லை.

கடைக்காரர் நமச்சிவாயம் மெல்லிய கம்பியை எடுத்து வைத்தார். “இது அழுத்த லேசு, விரல அறுக்காதும்மா. சத்தம்தான் கொறவு.”

“கொழுந்து கிள்ளுத விரலு அண்ணாச்சி, அதுக்கு ஒண்ணும் ஆவாது. பஸ் பைலு மாடியில கெடக்கு. வாசல்ல நின்னு பாடுனா மாடிக்குக் கேக்கணும்.”

அவர் வேறு இரண்டு உறைகளை எடுத்தார். “ரெண்டும் வெண்கலம். பாஸ்பர் போட்டது கொழைவா பேசும், ரொம்ப நாள் வரும். எண்பதுக்கு இருபதுன்னு போட்டிருக்கது கணீர்னு இருக்கும், பத்து நாள்ல மங்கிரும். அதுக்குப் பேருதான் வெண்கலம். செம்பும் துத்தநாகமும்; பித்தளதான்.”

“பொறவு ஏன் வெண்கலம்னு போடுதான்?”

“பித்தளன்னு போட்டா எவன் வாங்குவான்? கொடம்னு நெனச்சிருவான்.”

“வெறுங்கொடம் உருண்டா தெருவே எந்திரிக்கும்லா? அதையே குடுங்க.”

3

நான் குறிப்பெடுப்பதைப் பார்த்துவிட்டாள். “என்ன சார் எழுதுதீங்க?”

படித்துக் காட்டினேன்.

“வெண்கலத்த அடிங்க. பித்தளன்னு போடுங்க. என் கொரலும் அதுதான்.”

அடித்தேன். (பித்தளைக் குரல் என்று தமிழில் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. இனிமேல் கேட்கலாம்.)

4

முடிவுகள்.

அ) பாதிப் பாட்டில் கம்பி அறுகிறது. கூட்டம் மீதியைப் பாடுகிறது. (சொன்னால் சிரிப்பாள்.)

ஆ) அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வருகிறார். அவர் கண்களில்

(இல்லை.)

இ) “பத்து நாள்ல மங்கிரும்” என்றதற்கு, “எனக்கு ஒரு நாள் போதும்” என்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது இது:

“மங்குனா மாத்திக்கிடுதேன். ரெண்டு செட்டா குடுங்க.”

5

இன்று ஞாயிறு. வராத திங்கட்கிழமையை நான் எழுத மாட்டேன்.

இதைப் படிப்பவர் அந்த மாடியில் உட்கார்ந்திருப்பவராக இருந்தால், முடிவு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடலாம். ஜன்னலைச் சாத்தவும் செய்யலாம்.

அவளிடம் இன்னொரு செட் இருக்கிறது.